மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டரும் ஏழு எழுத்துக் கோடும்

ஏற்காடு மலைப்பாதையில் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு. திரும்பி ஆக்சிலேட்டரை மிதித்தேன், வண்டி இழுக்கவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு. எவ்வளவு மிதித்தாலும் 2,000 ஆர்பிஎம் தாண்டவில்லை. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன். விளக்கு அப்படியே எரிந்தது, ஆனால் இழுவை வந்துவிட்டது. மெதுவாக ஏறி, இறங்கி, ராத்திரி திருச்செங்கோடு வந்து சேர்ந்தோம்.

வண்டி 2014 மாடல், பிஎஸ்-4, நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல். அதாவது ரெயில் என்ற பொதுக் குழாயில் டீசலை அழுத்தி வைத்து, அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இன்ஜெக்டர்கள் உள்ளே தெளிக்கும் வகை. 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகவே இன்ஜின் சூடான பிறகு ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். மைலேஜும் 21-லிருந்து 17-க்கு இறங்கியிருந்தது. டீசல் சரியில்லை என்று நினைத்து பங்க் மாற்றிப் பார்த்தேனே தவிர, உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறுகளைப் படிக்க வைத்திருக்கும் இணைப்பு) இஎல்எம்327 அடாப்டரைச் செருகினேன். ப்ளூடூத்தில் போனோடு பேசும் சின்ன டப்பா. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல நகல் சிப்பில் ஓடுபவை. மேலோட்டமான கட்டளைகளுக்குப் பதில் சொல்லும், கொஞ்சம் நீளமான செய்தி வந்தால் பாதியை விழுங்கிவிடும். முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான். இப்போது கொஞ்சம் கூடுதல் விலைக்கு நல்லதாக ஒன்று வைத்திருக்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பதிவான கோளாறு ஒன்றே ஒன்று: பி0087. எரிபொருள் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இந்தக் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, நேராகக் குற்றவாளியைக் காட்டாது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், அழுத்த சென்சார் தப்பாகச் சொல்லலாம், இன்ஜெக்டர் ஒன்று டீசலைப் பின்பக்கமாக விட்டுக்கொண்டிருக்கலாம். கோளாறு பதிவான அந்த நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்று இசியு, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், ஒரு படம் எடுத்து வைத்திருக்கும். அதைத் திறந்து பார்த்தேன். இன்ஜின் முழு பாரத்தில் இருந்திருக்கிறது. அந்த வளைவேதான்.

அடுத்தது நேரலை எண்கள். ஆப் அழகாக மீட்டர் காட்டும், ஆனாலும் ஒரு முறையாவது கட்டளையை நேராக அடித்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. அப்போதுதான் வண்டி நம்மோடு பேசுவது புரியும். 0123 என்று அனுப்பினேன். ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, வந்த பதில்: 41 23 09 60. முதல் 41 என்பது "நீ கேட்டதற்குப் பதில்", 23 என்பது ரெயில் அழுத்தம். மீதி இரண்டும்தான் மதிப்பு. அவை பதினாறின் அடிப்படையில் இருப்பதால் 09 என்பது 9, 60 என்பது 96. ஒன்பதை 256-ஆல் பெருக்கி 96-ஐக் கூட்டினால் 2,400. அதைப் பத்தால் பெருக்கினால் கிலோபாஸ்கல்: 24,000. அதாவது 240 பார். ஐடிலிங்குக்கு இது மோசமில்லை. ஆனால் இன்ஜின் சூடான பிறகு அணைத்துவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தபோது, அழுத்தம் நூறு பாரைத் தாண்டவே நாலு விநாடிக்கு மேல் ஆனது. குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை இசியு இன்ஜெக்டரைத் திறக்காது, ஸ்டார்ட் தாமதமாவதற்கு அதுதான் காரணம்.

முதலில் மலிவான வேலை: டீசல் ஃபில்டரை மாற்றினேன். வித்தியாசம் இல்லை.

அப்புறம் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் உள்ளே வரும் டீசலில் கொஞ்சத்தைத் தலைப்பக்கம் உள்ள மெல்லிய குழாய் வழியாக டேங்குக்குத் திருப்பி அனுப்பும். உள் வால்வு தேய்ந்துபோனால் திருப்பி அனுப்பும் அளவு கூடிவிடும், அப்போது ரெயிலில் அழுத்தம் நிற்காது. இந்த அளவைப் பார்க்க எந்த மென்பொருளும் தேவையில்லை. மீன் தொட்டிக்கு விற்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் நாலு துண்டு, மருந்துக் கடையில் ஒரே அளவு பாட்டில் நாலு. ரிட்டர்ன் குழாயின் கிளிப்புகளைக் கழற்றி, நாலு இன்ஜெக்டரிலும் ஆளுக்கொரு பாட்டில் கட்டித் தொங்கவிட்டேன். டேங்குக்குப் போகும் முனையை அடைத்துவிட்டேன். ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் ஐடிலிங்.

ஒன்றாவது பாட்டிலில் 14 மில்லி. இரண்டில் 12. நாலில் 15. மூன்றில் 46.

பாட்டிலைக் கையில் வைத்துப் பார்க்கும்போது வேறு எந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: நான் கழற்றியது ரிட்டர்ன் பக்கம். ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கு வரும் இரும்புக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். இன்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். பழைய டீசல் வண்டியில் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வரக்கூடாது. எல்லா வண்டியிலும் ரிட்டர்ன் பக்கம் இப்படி அழுத்தமில்லாமல் இருக்காது என்பதால், உங்கள் வண்டியின் அமைப்பையும் தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

மூன்றாவது இன்ஜெக்டர் கரியில் இறுகியிருந்தது. துரு நீக்கும் எண்ணெயை ராத்திரி ஊற்றிவைத்து, காலையில் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்துத்தான் வெளியே எடுத்தேன். கீழே இருக்கும் செப்பு வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது, அதையும் எடுத்தாயிற்று. திறந்திருக்கும் குழாய் வாய் எல்லாவற்றுக்கும் சுத்தமான மூடி போட்டேன். ஒரு மணல் துகள் போதும், புது இன்ஜெக்டரும் போய்விடும்.

எங்கள் பக்கம் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரியும் போர்வெல் ரிக்கும் நிறைந்த ஊர்கள். டீசல் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சங்ககிரியில் ஒரு பம்ப் நாசில் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெஞ்சில் மாட்டி ஓட்டிப் பார்த்த அண்ணன், "வால்வு மட்டும்னா மாத்திக் குடுத்துருவேன் தம்பி. பாடியே அரிச்சுப் போச்சு. புதுசு போட்டுக்குங்க" என்றார். சேலத்தில் உதிரிபாகக் கடையில் அதே எண்ணுள்ள புது இன்ஜெக்டர் 11,800 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் அவரிடமே போய்க் காட்டினேன். தலையில் பொறித்திருந்த ஏழு எழுத்தைத் தடவிக் காட்டி, "மாட்டுனா மட்டும் ஆகாது, இந்தக் கோடை வண்டிக்குள்ள போடோணும். இல்லீன்னா நாலும் ஒண்ணா ஓடாது" என்றார்.

அந்தக் கோடு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும் எந்த இரண்டு இன்ஜெக்டரும் ஒரே அளவு டீசலைத் தெளிக்காது. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் சோதித்து, இது சராசரியிலிருந்து எவ்வளவு கூடக் குறையத் தெளிக்கிறது என்பதை ஒரு கோடாக அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார். அதை இசியு-வில் பதிந்தால், திறக்கும் நேரத்தை அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பொருளின் மேலேயே, கண்ணுக்குத் தெரிய எழுதியிருப்பது.

புது செப்பு வாஷரோடு மாட்டினேன். ஸ்டார்ட் உடனே ஆனது. ரிட்டர்ன் சோதனையை மறுபடி செய்தேன்: மூன்றாவதில் 13 மில்லி. ஆனால் ஐடிலிங்கில் ஒரு தடுமாற்றம், மெல்லிய டக் டக் சத்தம். இசியு இன்னும் பழைய இன்ஜெக்டரின் கணக்கையே புதுசுக்கும் போட்டுக்கொண்டிருந்தது.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். "எங்களிடம் வாங்கிய பார்ட்டுக்கு மட்டும்தான் சார் கோடிங்" என்றார்கள். நான் வாங்கியது அதே தயாரிப்பாளரின் அதே எண்ணுள்ள பொருள், பில் இருக்கிறது என்றேன். கூலி எவ்வளவோ கொடுக்கிறேன் என்றேன். வண்டியைக் கொண்டு வந்தால் நாலு இன்ஜெக்டரையும் மாற்றுவதற்கு எஸ்டிமேட் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். போனை எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், விதி அவர் கையில் இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று காசு கட்டி ஒரு ஆப் இறக்கினேன். என் வண்டிக்கு இன்ஜெக்டர் கோடு பதியும் வசதி இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. அது வண்டியோடு பேசுவதை வரிவரியாகப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். முதலில் 10 03: விரிவான பரிசோதனை நிலைக்கு வா. வண்டி 50 03 என்று ஒத்துக்கொண்டது. நாலு சிலிண்டரின் கோடையும் படித்துக் காட்டியது. மூன்றாவதற்கு நேராக, நான் கழற்றி மேசைமேல் வைத்திருந்த பழைய இன்ஜெக்டரின் அதே ஏழு எழுத்துகள். புதுக் கோடை அடித்து அனுப்பினேன். பதில்: 7எஃப் 2ஈ 33.

7எஃப் என்றால் மறுப்பு. 2ஈ என்பது எழுதும் கட்டளை. 33 என்றால் பாதுகாப்பு அனுமதி இல்லை. அந்த அனுமதிக்கு 27 01 என்று கேட்க வேண்டும். கேட்டால் வண்டி நாலு பைட் எண் ஒன்றைத் தரும், ஒவ்வொரு முறையும் வேறு எண். அதை நிறுவனம் வெளியே சொல்லாத ஒரு கணக்கில் போட்டு, வரும் விடையைத் திருப்பி அனுப்பினால் கதவு திறக்கும். குத்துமதிப்பாக அனுப்பிப் பார்க்க முடியாது, சில தவறுக்குப் பிறகு இசியு பூட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்லும். அதனால் அதோடு நிறுத்தினேன். காரும் என்னுடையது, இன்ஜெக்டரும் என்னுடையது, கோடு கண்ணுக்கு எதிரே இருக்கிறது. நடுவில் நாலு பைட்.

படிக்க விட்ட வண்டி எழுத ஏன் விடவில்லை என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே இருந்தேன். ஓபிடி சாக்கெட் உற்பத்தியாளர் மனமுவந்து வைத்ததல்ல. புகையைக் கட்டுப்படுத்த அரசாங்கங்கள் கட்டாயப்படுத்தி வைக்கச் சொன்னது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் காரிலும் ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி கோடு. இந்தியாவில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. பி0087 என்பது எல்லா பிராண்டிலும் ஒரே பொருள் தருவது அந்தச் சட்டத்தால்தான். சட்டம் எது வரைக்கும் போனதோ அது வரைக்கும் எனக்குக் கதவு திறந்திருக்கிறது. இன்ஜெக்டர் கோடு பதிவது, டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) எரிப்பு, பேட்டரி பதிவு, எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கைத் தளர்த்துவது எல்லாம் அதற்கு அந்தப் பக்கம்.

நம் நாட்டில் இதைப் பற்றிக் கேள்வியே எழாமல் இல்லை. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் கொடுத்த புகாரில் தொடங்கி, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவு வந்தது. மொத்த அபராதம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல். அபராதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதில் இருந்த கட்டளைகள்: உதிரிபாகமும் பரிசோதனைக் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும், வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போனதற்கு மட்டுமே மறுக்கலாம். அப்புறம் மேல்முறையீடுகள் வந்தன. 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது வாகனத்தையும் அதில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையதளமும் திறந்தார்கள். இத்தனைக்குப் பிறகும், ஏழு எழுத்தை எங்கே போய்ப் பதிவது என்று கேட்டால் எனக்குக் கிடைத்த பதில் மேலே சொன்னதுதான்.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவி, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) போன்றவற்றை எவன் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் வண்டி வாசலில் நிற்காது. ஏர்பேக்கும் அப்படித்தான். ஆனால் திருட்டுக்குத் துளியும் உதவாத இன்ஜெக்டர் கோடுக்கும் அதே பூட்டு எதற்கு? அதற்குத்தான் எனக்கு விடை வேண்டும்.

ஈரோட்டில் பல பிராண்ட் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். இன்ஜெக்டர் தலையைப் பெட்ரோல் துணியால் துடைத்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். ஐந்தாவது இடத்தில் இருப்பது எட்டா, ஆங்கில பி-யா என்று இருவரும் வெளிச்சத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். எட்டுதான். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், மூன்றாவது சிலிண்டரில் அடித்தார். பச்சை டிக் வந்தது. சாவியை அணைத்து அரை நிமிடம் காத்திருந்து, மறுபடி போட்டுப் படித்துப் பார்த்தார். புதுக் கோடு உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் துளியும் ஆடாமல் நின்றது. நாலு நிமிடம், 600 ரூபாய்.

அந்த ஸ்கேனருக்குள் என்ன மாயம் என்று கேட்டேன். "மாயம் ஒண்ணும் இல்லீங்க, அந்தக் கணக்கு இந்த ஸ்கேனர் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும். வருசா வருசம் அப்டேட்டுக்குக் கட்டலீன்னா புது வண்டி எதுவும் பேசாது" என்றார். பக்கத்து பிட்டில் ஒரு புது மாடல் கார் ஜாக்கியில் நின்றது. பின் சக்கர பிரேக் பேட் மாற்ற வேண்டும், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கின் மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க ஸ்கேனர் கேட்கிறது, வண்டி மறுக்கிறது. புது வண்டிகள் சிலவற்றில் ஓபிடி சாக்கெட்டுக்கும் உள்ளே உள்ள கம்பிகளுக்கும் நடுவே பாதுகாப்பு கேட்வே என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நிறுவனத்தின் சர்வரில் பதிவு செய்து உள்ளே நுழைந்தால்தான் அது வழி விடும். புது பேட் பிரிக்காமல் டேபிள்மேல் கிடந்தது. வண்டிக்காரர் மூன்று மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இதே பெட்டியைப் பற்றித்தான் ஐரோப்பாவில் கண்ணாடி மாற்றும் நிறுவனம் ஒன்றும் பழுதுபார்க்கும் சங்கிலி நிறுவனம் ஒன்றும் வழக்குப் போட்டன. சட்டத்தில் சொல்லாத நிபந்தனையை, அதாவது பதிவு செய், இணையத்தில் இணை, காசு கொடு என்பதையெல்லாம், ஓபிடி வழிப் பரிசோதனைக்கு உற்பத்தியாளர் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2023 அக்டோபர் 5 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-லேயே சட்டம் வந்து, டீலரிடம் இருக்கும் அதே பரிசோதனைத் தகவலை நியாயமான விலைக்கு வெளி மெக்கானிக்கும் வாங்கலாம் என்றானது. அங்கே நிறுவனத்தின் மென்பொருளையே சில நாள் சந்தாவில் எடுத்து வேலையை முடிக்கிறார்கள். வண்டி கம்பியில்லாமல் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவலும் உரிமையாளருக்கு வேண்டும் என்று 2020 நவம்பரில் அந்த மாநில மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது சுமார் 75 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். உற்பத்தியாளர் சங்கம் உடனே வழக்குப் போட்டது. 2025 பிப்ரவரியில்தான் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

எனக்கு வேண்டியது இலவசமாக அல்ல. 600 ரூபாயை ஈரோட்டு மெக்கானிக்கிடம் கொடுத்த மாதிரி நிறுவனத்திடமும் கொடுத்திருப்பேன். ஒரு நாள் சந்தா, சேசிஸ் நம்பர், ஆர்சி நகல், ஓடிபி, இது போதும். இதை எழுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்பினேன். அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் சேலத்துப் பில்லையும் இணைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்திருக்கிறேன். 1915-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

செலவுக் கணக்கு: இன்ஜெக்டர் 11,800, ஃபில்டர் 950, வாஷரும் துரு எண்ணெயும் 400, பெஞ்ச் சோதனை 500, கோடிங் 600. மொத்தம் 14,250 ரூபாய். டீசல் கார் வைத்திருப்பவர்கள் மேல் மூடியைக் கழற்றி, நாலு இன்ஜெக்டர் தலையையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். கரி ஏறிய பிறகு எழுத்து தெரியாது. என்னுடையதை ஒரு தாளில் எழுதி ஆர்சி உறைக்குள் வைத்திருக்கிறேன், மூன்றாவதற்கு நேராகத் தேதியும் போட்டு.

1,400 கிலோமீட்டர் ஓடியாயிற்று. மைலேஜ் இருபதரை. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்காடு. அடாப்டரைச் செருகி, போனை மகன் கையில் கொடுத்திருந்தேன். பன்னிரண்டாவது வளைவில் மிதித்தபோது அவன் பின்னாலிருந்து படித்தான்: "தொள்ளாயிரத்து எண்பது… ஆயிரத்து நாற்பது… ஆயிரத்து நூற்றுப் பத்துப்பா."